தொலைவிலிருந்து வந்தோரின் பாலம்

‘பயணத்தின் பயன்’ என்னும் தலைப்பில் மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. முன்னுரை, கருத்து விளக்கம், முடிவுரை என்று கரும்பலகையில் வரிசைப்படுத்தி, அறிவு விரிவடைகின்றது, பிறர் பண்பாட்டை அறிகின்றோம், மனம் புத்துணர்வு பெறுகின்றது என்று எழுதிப்போடுவேன். பிள்ளைகளும் பிழையின்றிப் படியெடுத்துக்கொள்வர். அவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும், நாம் மறந்துவிட்ட பிழை ஒன்றைப் பயணம் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு என்பதை மட்டும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. ஐம்பத்தாறாம் அகவையில், அயல்நாட்டுச் சிற்றோடை ஒன்றின்மீது நிற்கும் மரப்பாலத்தில்தான் அதனைக் கற்றுக்கொண்டேன்.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பள்ளி விடுமுறையில் என் துணைவியாரும் நானும் வியட்நாம் நாட்டிற்குச் சென்றிருந்தோம். கோலாலம்பூரிலிருந்து டா நாங் நகருக்கு வானூர்தியில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில், து போன் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் அமைந்துள்ளது ஹோய் ஆன் என்னும் பழந்துறைமுக நகரம். நாங்கள் சென்ற வேளையில் மாரிக்காலம் இன்னும் முற்றாக விடைபெறவில்லை. மெல்லிய தூறல். மஞ்சள் பூசிய சுவர்கள், பாசி படர்ந்த ஓட்டுக்கூரைகள், வாயில்தோறும் தொங்கும் பட்டு விளக்குகள். குடையைப் பிடித்தவாறு ஆற்றங்கரையில் நடந்தபோது, ஏதோ பழைய நூலொன்றின் பக்கங்களைப் புரட்டுவது போன்ற உணர்வே எனக்கு உண்டாயிற்று.

ஆற்றால் வாழ்ந்த ஊர் அது. ஆற்றாலேயே ஓய்ந்ததும் அதுதான். பல நூற்றாண்டுகள் அப்பகுதி சம்பா அரசின் துறைமுகமாக விளங்கிற்று. அதே ஆற்றின் மேற்புறத்தில், மலைகள் சூழ்ந்த மீ சோன் என்னுமிடத்தில், சம்பா மன்னர்கள் சிவபெருமானுக்கு எழுப்பிய செங்கற்கோயில்கள் இன்றும் உள்ளன. இதனைக் கேட்டவுடன் ‘எல்லாம் நம்மவர் கட்டியவை’ என்று மார்தட்டிக்கொள்ளும் ஆர்வம் நம்மிடையே சிலர்க்கு உண்டு. அங்குள்ள கல்வெட்டுகள் வடமொழியிலும் சாம் மொழியிலும் அமைந்தவை. கட்டியோர் சாம் மக்கள். பிறர் உழைப்பைப் பிறர்க்கே உரியதாக்கிச் சொல்வதும் ஆசிரியர்க்கு உரிய அறமேயாகும்.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஹோய் ஆன் உச்சநிலை அடைந்தது. ஐரோப்பியர் அதனை ஃபைஃபோ என அழைத்தனர். பட்டும் பீங்கானும் அகிலும் இலவங்கப்பட்டையும் அங்கே கைமாறின. அக்காலக் கப்பல்கள் காற்றை நம்பியவை. வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்த சீனரும் சப்பானியரும், திரும்புவதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்தவர்கள் கொட்டகை போட்டனர், கொட்டகை வீடாயிற்று, வீடு தெருவாயிற்று. சப்பானியர் ஒரு புறமும் சீனர் மறு புறமும் குடியேறினர். இரு குடியிருப்புகளுக்கும் இடையே ஆற்றில் சென்று விழும் ஓடை ஒன்று குறுக்கிட்டது. அதன்மீது சப்பானிய வணிகர் எழுப்பியதே, கூரை வேய்ந்த அந்தப் பாலம்.

பின்னர் ஆற்றில் வண்டல் படிந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலவில்லை. வணிகம் மெல்ல மெல்ல டா நாங் துறைமுகத்திற்குப் பெயர்ந்தது. செல்வம் போய்விட்டதால் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டுவாரும் இலராயினர். ஊரின் வறுமையே ஊரின் அழகைக் காத்தது எனலாம். 1999-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ஹோய் ஆனையும் மீ சோனையும் உலக மரபுடைமைகளாக அறிவித்தது. அவ்விரண்டையும் காக்க உழைத்தவர்களுள் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமியெர்ஸ் குவியாட்கோவ்ஸ்கி குறிப்பிடத்தக்கவர். 1980-களில் வந்து பணியாற்றத் தொடங்கிய அவர், 1997-இல் வியட்நாம் மண்ணிலேயே உயிர் துறந்தார். அவருக்கு அவ்வூர் மக்கள் சிறு பூங்கா ஒன்றில் சிலை எழுப்பியிருக்கின்றனர். தாம் பிறவாத ஊருக்காக ஒருவர் இத்துணைப் பாடுபட இயலுமா என்று வியந்து நின்றேன்.

பழைய வணிகர் வீடொன்றிற்குள் சென்றோம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஆற்றங்கரையில். சுவரில் ஆண்டு வாரியாகக் கோடுகள். 1964-ஆம் ஆண்டு வெள்ளம் எட்டிய உயரம் என் தலைக்கும் மேலே நின்றது. வெள்ளம் ஏறும்போது தட்டுமுட்டுப் பொருள்களை மாடிக்கு ஏற்றுவதும், வடிந்தபின் சேற்றைக் கழுவி மீண்டும் குடிபுகுவதும் அவர்களுக்கு வழக்கமான வாழ்வு. வெள்ளத்தைத் தடுக்க அவர்களால் இயலவில்லை. ஆனால் அதன் அளவைக் குறித்துவைக்க ஒரு நாளும் தவறவில்லை.

அதன்பின்னர்ப் பாலத்தை அடைந்தோம். வியட்நாம் நாட்டின் இருபதாயிரம் டோங் பணத்தாளில் அப்பாலத்தின் படம் உண்டு. என் துணைவியார் பணத்தாளை விரித்துப் பிடித்து, “படத்தில் பெரிதாகத் தெரிகின்றதே, நேரில் இவ்வளவுதானா?” என்று கேட்டார். உண்மைதான். நீளம் ஏறத்தாழ பதினெட்டு மீட்டரே இருக்கும். நம் ஊர் வாய்க்காலைக் கடக்கும் பாலங்கள் சில அதனினும் நீளமானவை. மேல்நோக்கி மெல்ல வளைந்த மரத்தளம், தாங்கி நிற்கும் தூண்கள், மேலே ஓட்டுக்கூரை, நடுப்பகுதியை ஒட்டி ஒரு சிறு கோயில். ஒரு முனையில் குரங்குச் சிலைகள்; மறு முனையில் நாய்ச் சிலைகள். குரங்காண்டில் தொடங்கி நாயாண்டில் கட்டி முடித்தமைக்கு அடையாளம் அவை என்பர்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் கல்லூரியில் பயிலும் இளம்பெண். “நீங்கள் இந்தியரா?” என்று ஆங்கிலத்தில் வினவினாள். “மலேசியத் தமிழர்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. “அப்படியாயின் இந்தக் கதை உங்களுக்கும் உரியது” என்று சொல்லத் தொடங்கினாள். நிலத்தின் அடியில் மாபெரும் விலங்கு ஒன்று படுத்திருக்கின்றதாம். அதன் தலை இந்தியாவில், முதுகு வியட்நாமில், வால் சப்பானில். அது புரண்டு படுத்தால் நிலம் நடுங்கும். அது புரளாதிருக்கும்பொருட்டு அதன் முதுகின்மேல் ஆணி அறைந்தாற்போல இப்பாலம் கட்டப்பட்டதாம். கதை கதையே. ஆயினும் அதனுள் ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. ஓரிடத்தில் நேரும் அசைவு மற்றோரிடத்து மக்களையும் அசைக்கும் என்பதைக் கடலோடிய மக்கள் அறிந்திருந்தனர். நம் முன்னோர் கப்பலேறி மலாயா வந்ததும் அத்தகைய அசைவொன்றின் விளைவுதானே!

கோயில் வாயிலின்மேல் மூன்று சீன எழுத்துகள் பொறித்த பலகை ஒன்று இருந்தது. 1719-இல் அங்கு வருகை புரிந்த நுயென் ஃபுக் சூ என்னும் ஆட்சியாளர் பாலத்திற்கு ‘லாய் வியென் கியூ’ எனப் பெயர் சூட்டினார். தொலைவிலிருந்து வந்தோரின் பாலம் என்பது அதன் பொருள். “உனக்கு இவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரியுமா?” என்று அப்பெண்ணைக் கேட்டேன். அவள் நாணத்தோடு தலையசைத்தாள். “பெயர் தெரியும், பொருளும் தெரியும், எழுத்துத் தெரியாது. என் பாட்டனாரின் தந்தைக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள்” என்றாள்.

அவ்விடை என்னைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது. வியட்நாம் மொழி முற்காலத்தில் சீன எழுத்துகளாலும் அவற்றைத் தழுவிய எழுத்துகளாலும் எழுதப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் அப்பகுதிக்கு வந்த கிறித்துவப் பாதிரிமார் அதனை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை உருவாக்கினர். அலெக்சாந்தர் த ரோட் என்னும் பாதிரியார் தொகுத்த அகராதி 1651-இல் உரோமில் அச்சேறியது. இருபதாம் நூற்றாண்டில் அதுவே நாட்டின் எழுத்தாயிற்று. அதனால் எழுத்தறிவு பரவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தன் ஊர்ப் பாலத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கப் பிறர் உதவியை அப்பெண் நாட வேண்டியிருக்கின்றது. ஒரு பேறு கிடைக்கும்போது ஓர் இழப்பும் உடன் வருகின்றது.

அப்பாலத்தைக் கட்டியவர்கள் அதனை நெடுங்காலம் துய்க்கவில்லை. 1635-இல் சப்பானிய ஆட்சி தன் மக்கள் கடல்கடந்து செல்வதையும், சென்றவர் திரும்பி வருவதையும் தடை செய்தது. ஹோய் ஆனின் சப்பானியக் குடியிருப்பு படிப்படியாகத் தேய்ந்தது. ஊருக்கு வெளியே, வயல்வெளியின் நடுவே, தானி யாஜிரோபெய் என்னும் சப்பானிய வணிகரின் கல்லறை உள்ளது. மறைந்த ஆண்டு 1647. தாயகம் திரும்பப் புறப்பட்டவர், தாம் விரும்பிய பெண்ணை மறக்க மாட்டாமல் பாதி வழியிலேயே மீண்டுவிட்டார் என்று ஊரார் கூறுவர். அவருடைய கல்லறை சப்பான் இருக்கும் திசையை நோக்கி அமைந்திருக்கின்றது. தோட்டப்புறங்களில் ‘அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவேன்’ என்று சொல்லிச் சொல்லியே கண்மூடிய நம் பெரியவர்களை எண்ணிக்கொண்டேன்.

கட்டியவர் போய்விட்டனர்; பாலம் நின்றது. யாரால்? நம் நாட்டில் ஹொக்கியன் என்று வழங்கும் மரபினர் உள்ளிட்ட சீனர்களும் வியட்நாமியரும் அதனைத் தமதாக ஏற்றுக்கொண்டனர். 1763, 1817, 1865, 1915, 1986 எனத் தலைமுறைதோறும் பழுதுபார்த்தனர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊர்திகள் செல்வதற்காகத் தளத்தைச் சமமாக்கினர். 1986-இல் மீண்டும் பழைய வளைவைக் கொணர்ந்தனர். இறுதியாக 2022 திசம்பரில் தொடங்கிய பெரும் சீரமைப்பு 2024 ஆகத்து மாதத்தில் நிறைவுற்றது. செலவு இருபது பில்லியன் டோங்கிற்கு மேல்.

அச்சீரமைப்பின்போது பாலத்தின்மேல் பெரிய கொட்டகை அமைத்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றி, ஒவ்வொன்றிற்கும் எண் இட்டு, பயன்படும் மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உளுத்த பகுதியை மட்டும் மாற்றினராம். வேலை நடந்த நாள்களில் பொதுமக்களும் சென்று பார்க்க வழி செய்திருந்தனர். பணி முடிந்து கொட்டகையை அகற்றியபோது பெரும் கூச்சல் எழுந்தது. ‘பழமை போயிற்று! வண்ணம் பளிச்சென்று இருக்கின்றது! இது எங்கள் பாலமன்று!’ என்று பலர் குறைகூறினர். வெயிலும் மழையும் பட்டால் வண்ணம் தானே அடங்கும் என்று பொறுப்பாளர்கள் விளக்கம் தந்தனர்.

நான் கண்டபோது கூரை விளிம்பின் வெண்மை சற்றே உறுத்தத்தான் செய்தது. ஆனால் தளத்தில் நடந்தபோது, தேய்ந்து மெருகேறிய பழம்பலகையும் அதன் அருகே பொருத்திய புதுப்பலகையும் ஒரே தளமாக என் எடையைத் தாங்கின. “எது பழையது, எது புதியது என்று குறித்து வைத்திருக்கின்றனரா?” என்று வினவினேன். “எல்லாவற்றிற்கும் எழுத்தில் குறிப்பு உண்டு” என்றாள் அப்பெண், பெருமையோடு.

அந்த ஒரு விடைதான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனெனில் நானும் ஒரு பழைய கட்டடத்தைப் பிரித்தவன்.

பேராக் மாநிலத்தில், ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் இருந்த தமிழ்ப்பள்ளிக்கு 2011-இல் நான் தலைமையாசிரியனாகச் சென்றேன். பலகைச் சுவரும் துத்தநாகக் கூரையும் கொண்ட பழைய கட்டடம். இரப்பர் போய்ச் செம்பனை வந்து, பின்னர் நிலமும் விற்கப்பட்டுவிட்டது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாடு விடுதலை பெற்ற 1957-இல் எண்ணூற்றுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. எங்கள் பள்ளியும் அந்தக் குறைவில் ஒன்றாகிவிடக் கூடாதே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் நானும் ஏறாத படியில்லை. இறுதியில் அருகிலிருந்த குடியிருப்புப் பகுதியில் நிலமும் மூன்று மாடிக் கட்டடமும் கிடைத்தன. அந்த வெற்றிக்காக எனக்கு மாலை அணிவித்தார்கள். நானும் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

பழைய கட்டடத்தை உடைக்கும் நாளில் நான் அங்குச் செல்லவில்லை. திறப்பு விழா அழைப்பிதழின் பிழைதிருத்தத்தில் மூழ்கியிருந்தேன். ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார். திறப்பு விழாவிற்கு வந்த முதியவர் ஒருவர், முன்னாள் மாணவர், கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “எல்லாம் நன்றாக இருக்கின்றது ஐயா. பழைய பலகை எங்கே?” என்று கேட்டார். வாயிலின்மேல் இருந்த பெயர்ப்பலகையைத்தான் கேட்டார். தோட்டத்துத் தச்சர் ஒருவர் மெர்பாவ் மரத்தில் செதுக்கித் தந்தது அது. “வைத்திருக்கின்றோம், பிறகு மாட்டுவோம்” என்றேன். நான் சொன்னது பொய். ஒழுக்கப் பாடம் நடத்தும் வாயால் சொன்ன பொய். அம்முதியவர் மறு ஆண்டே மறைந்தார்.

ஹோய் ஆன் மக்களுக்கு அந்தப் பாலம் முன்னோர் கட்டித் தந்த சொத்தன்று. யாரோ அயலார் கட்டிவிட்டுப் போனது. அதற்கே எண் இட்டுக் காத்தனர். என் பள்ளியோ, என்னைப் போன்ற பால்மரத் தொழிலாளியின் மகனுக்கு எழுத்தறிவித்த நிலையங்களுள் ஒன்று. அதிலிருந்து ஒரு பலகையைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. புதுக்கட்டடம் கட்டியது பிழையன்று; உளுத்த மரத்தை மாற்றத்தான் வேண்டும். பழையதில் எது நம்மோடு வரவேண்டும் என்று ஒரு கணமும் எண்ணிப் பாராததே பிழை. பாலத்தின் நடுவே நின்று இதனை என் துணைவியாரிடம் சொன்னேன். பல ஆண்டுகளாக அவரிடமும் சொல்லாத செய்தி. அவர் சற்று நேரம் ஓடை நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேடிப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

தேடிப் பார்த்ததில்லை. நாடு திரும்பியதும் தேடத் தொடங்கினேன். ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டுவிட்டிருந்தார். பழைய தோட்டத்து மக்களை ஒவ்வொருவராகக் கண்டு கேட்டேன். மூன்றாம் மாதம், மலிவு விலை வீடொன்றில் தனியாக வாழும் மூதாட்டியார் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். வாழ்நாள் முழுதும் பால்மரம் வெட்டியவர். செய்தியைச் சொன்னதும் அவர் சிரித்தார். நான் அமர்ந்திருந்த பலகையைச் சுட்டிக்காட்டினார். இரண்டு கல் அடுக்கின்மேல் கிடந்த நீண்ட பலகை. குனிந்து பார்த்தேன். அடிப்புறத்தில் எழுத்துகள்!

“லாரியில ஏத்துறப்ப எங்க வீட்டுக்காரரு கேட்டு வாங்கிக்கிட்டு வந்தாருங்கய்யா. எழுத்துமேல உட்காரக் கூடாதுன்னு கவுத்துப் போட்டாரு. அவரு போயி ஆறு வருசமாச்சு” என்றார் அந்த அம்மையார். பள்ளிக்கூட வாயிலையே மிதியாத மனிதர் அவர் கணவர் என்பதையும் பின்னர் அறிந்தேன். நான் எழுந்து நின்றேன். பலகையைத் தர இயலுமா என்று கேட்பதற்கு எனக்கு நா எழவில்லை. அவரே, “எடுத்துக்கிட்டுப் போங்கய்யா. அது பள்ளிக்கூடத்துச் சாமான்தானே” என்றார். மறுநாள் அவருக்கு ஒரு நாற்காலியை வாங்கிக்கொண்டு சென்று, பலகையைப் பெற்று வந்தேன்.

புது வண்ணம் தீட்டலாமா என்று இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஹோய் ஆனில் எழுந்த கூச்சலை எண்ணிப் புன்னகைத்தேன். மண்ணைத் துடைத்து எண்ணெய் மட்டும் பூசினோம். உளுத்த ஒரு மூலைக்குப் புதுத்துண்டு பொருத்தி, எந்த ஆண்டில் பொருத்தினோம் என்பதைப் பின்புறத்தில் எழுதிவைத்தோம். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கவில்லை. நாள்தோறும் பிள்ளைகள் நடக்கும் நூல்நிலைய வாயிலின்மேல் மாட்டினோம். பாலமாயினும் பள்ளியாயினும் மனிதர் கால் படும்வரையில்தான் அதற்கு உயிர்.

மறு வாரம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதன்கீழ் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். “தமிழ்ப் பா... ட... சா...” என்று வந்தவள் இறுதி எழுத்தில் நின்றுவிட்டாள். “ஐயா, இது என்ன எழுத்து?” என்றாள். பழைய ‘லை’. தலைமேல் துதிக்கையைத் தூக்கிய யானைபோல் இருக்கும் அந்த வடிவம். தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் நம் நாட்டுப் பாடநூல்களுக்கும் வந்தபின் அது மறைந்துவிட்டது. நான் தொடக்கப்பள்ளியில் பயின்றது அதனைத்தான்.

ஹோய் ஆன் இளம்பெண்ணின் முகம் என் கண்முன் தோன்றியது. நாணத்தோடு அசைந்த அந்தத் தலையும் தோன்றியது. எங்களுக்கு நேர்ந்தது ஓரெழுத்தின் தடங்கல்தான். இப்போதே சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும். தாளொன்றை எடுத்து யானையின் துதிக்கையை வரைந்து காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். பின்னர் அண்ணாந்து நோக்கி, சொல்லை முழுமையாகப் படித்தாள்.